துரையின் சாப்பாடு

வெளியே பந்தலில் பறை முழங்க, கூடத்தில் அம்மா சரோஜா தலையில் அடித்துக்கொண்டு அழ, பெற்ற மகள் அம்சவல்லியோ சன்னலோர மீன்தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "ஒரு வாயி சாப்டுங்க தொரை" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அப்பா காளியண்ணன் பெட்டிக்குள் படுத்திருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் அடுப்போடு கிடந்தவர், ஓய்வு பெற்றதும் ஈப்போவிலிருந்து ஒரு கடல்மீன் வாங்கி வந்தார். மஞ்சள் பட்டை, ஊசி மூக்கு. கடைத் தீனியைத் தொடாது. வாடிய இறாலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இவ்வளவு பிகு பண்ணுகிறதே என்றுதான் துரை என்று பேர் வைத்தார். உப்புத்தூள் கலந்த தண்ணீருக்குள் ஹீட்டர் வேறு. அந்த மலைத்தோட்ட லயத்து வீடுகளிலேயே குளிர் தெரியாமல் வாழ்ந்தது அது ஒன்றுதான்.

பச்சைக் கெராங் சிப்பியைப் பிளந்து, ரப்பர் வளையத்தால் கல்லில் கட்டி இறக்கினால்தான் துரை வாய் வைக்கும். எல்லோரும் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்ததில் நாலு நாளாய் அது பட்டினி. அப்பா கடைசியாய்க் கண் திறந்தபோது, "தொரை சாப்டாரா?" என்றார். "வயிறு முட்ட சாப்டாருப்பா" என்றாள் அம்சவல்லி. அப்பாவிடம் அவள் சொன்ன கடைசி வார்த்தை பொய்யாகிப்போனது. மூன்று மணிக்குப் பெட்டியை எடுப்பதற்குள் அதை மெய்யாக்கிவிட வேண்டும் என்று தவித்தாள்.

கெராங் வேண்டும் என்று அவள் கேட்டதும், சாவு வீட்டில் கவுச்சியா என்று உறவுக்காரிகள் முகம் சுளித்தார்கள். சரோஜா அழுகையை நிறுத்தினாள். "தீட்டு நமக்குத்தான்லா. தொரைக்கு என்னா தீட்டு? ஒன் மாமனுக்குப் போன் போடு."

மாமா லோகேஸ்வரன் கம்போங் ராஜாவிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தார். "மாமா, தொரை நாலு நாளா சாப்பிடல. கெராங் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

மாமா தீபாவளிக்குத் தீபாவளி வருகிறவர். மீன் வந்த சங்கதியே அவருக்குத் தெரியாது. வந்தார், மாலை போட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேரே பந்தலுக்குப் போனார். எஸ்டேட் மேனேஜர் ராதாகிருஷ்ணன் அங்கே உட்கார்ந்திருந்தார். மேனேஜரைத் துரை என்பது இங்கே இன்னும் போகாத வழக்கம். அவர் முன்னால் மாமா பொட்டலத்தைப் பிரித்தார். சம்பலில் வதக்கிய கெராங், கமகமவென்று.

"சாப்டுங்க தொரை. நாலு நாளா பட்டினியாமே! அத்தான் மேல அம்புட்டுப் பாசமா?"

பறை நின்றது. ராதாகிருஷ்ணன் பொட்டலத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "காலையிலகூட ரெண்டு ரொட்டி சானாய் சாப்ட்டேனே" என்றார் பரிதாபமாக.

அம்சவல்லி எக்கித் தலையை நீட்டினாள். "இந்தத் தொரை இல்ல மாமா, அந்தத் தொரை" என்று சன்னலுக்குள்ளிருந்து தொட்டியைக் காட்டினாள்.

முதலில் சிரித்தது சரோஜாதான். புடவைத் தலைப்பை வாயில் அடைத்தும் அடங்கவில்லை. "இதப் பாக்காம படுத்திருக்காரே இந்த மனுசன்!" என்று பெட்டியைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பிறகு பந்தலே சிரித்தது. அம்சவல்லியும் வயிறு வலிக்கச் சிரித்தாள். எவ்வளவு நல்லாயிருந்தது அது!

"எம்பேர வச்சிட்டு அது பட்டினி கெடந்தா எனக்குத்தான் அசிங்கம்" என்று ராதாகிருஷ்ணன் தாமே காரை எடுத்துக்கொண்டு கோலா தெர்லா கடைத்தெருவுக்கு ஓடினார். காய்கறி லோரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, பச்சைக் கெராங்கோடு அவர் திரும்பியபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

அம்சவல்லி சிப்பியைப் பிளந்து, கல்லில் கட்டி, முழங்கை நனைய இறக்கினாள். பாறை இடுக்கிலிருந்து துரை அசையவில்லை. "நேரமாச்சும்மா" என்று யாரோ சொல்ல, நாலு பேர் பெட்டியைத் தோளுக்கு ஏற்றினார்கள். வாசலை நெருங்கும்போது ஊசி மூக்கு மெல்ல வெளியே நீண்டது. சிப்பியை ஒரு சுற்றுச் சுற்றியது. அம்சவல்லி மூச்சுவிடாமல் கையை உயர்த்தினாள்.

"இருங்கலா" என்றார் முன்னால் தோள் கொடுத்திருந்த மாமா. "தொரை சாப்பிடுறாரு."

பெட்டியைத் தோளில் தாங்கியபடி நாலு பேரும் கழுத்தைத் திருப்பித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். துரை கொஞ்சமும் அவசரப்படாமல் கொத்திக்கொண்டிருந்தது.