கண்டம் போட்ட வண்டி

மனோகரன் தன் காலத்தில் எத்தனையோ சாமான்களைக் கண்டம் செய்தவர். ஆவடி டேங்க் ஃபேக்டரியில், சோதித்துப் பார்க்கும் பிரிவில் முப்பத்தோரு வருஷ வேலை. உருப்படியை மேசையில் வைத்து அளப்பார். ஒரு மயிரிழை கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி, சிவப்புப் பெயிண்டில் குறுக்கே ஒரு கோடு. அதுதான் கண்டம். ஆகாது என்று ஒதுக்குவதற்கு இங்கிலீஷ்காரன் விட்டுப்போன ‘கண்டெம்ன்’ என்ற சொல், தொழிலாளிகள் வாயில் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. மேஸ்திரி கெஞ்சினாலும் மேலதிகாரி முறைத்தாலும் போட்ட கோட்டை அவர் அழித்ததில்லை. “மனோகரன் கண்ணுல பட்டா பெத்த பிள்ளைக்கும் கண்டம்தான்” என்று ஷிஃப்டில் கிண்டல் செய்வார்கள். அவர் வீட்டு விஷயம் தெரிந்தவன் எவனும் அந்தக் கிண்டலைச் செய்யமாட்டான்.

அந்தப் பெத்த பிள்ளை எழிலரசிக்கு இப்போது இருபத்து நான்கு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் கைகால் விறைத்துப் போனவள். முழங்கால் இரண்டும் மடங்காது. வாயில் வருவது நாலைந்து சொல்தான். அப்பாவுக்கு ‘பா’, சோற்றுக்கு ‘சோ’, வானகரம் பயிற்சி மையத்தில் பக்கத்தில் உட்காரும் ரேகாவுக்கு ‘ஏக்கா’. எல்லாம் குழறும். ‘வண்டி’ மட்டும் கணீரென்று வரும்.

வண்டி என்றால் அவர்களுடைய ஆம்னி வேன். பதினான்கு வருஷப் பழசு. நடு சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, காலை நீட்டி உட்காருகிற மாதிரி ஒரு நாற்காலியைத் தளத்தோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார் மனோகரன். கதவைத் தள்ளித் திறந்தால் அகலமான வாசல், தாழ்வான தளம். அவர் தோளைப் பிடிக்க, மனைவி சரசா காலைப் பிடிக்க, ஒரே தூக்கில் பிள்ளை உள்ளே போய்விடுவாள். திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் சேக்காட்டிலிருந்து வானகரம். அங்கே காலுக்கும் கைக்கும் பயிற்சி கொடுப்பார்கள். அதைவிட, ரேகா இருப்பாள். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். எழிலுக்கு உலகம் என்று ஒன்று உண்டென்றால் அது அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு இருவரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, ரோட்டில் பின்பக்கமாக வந்த கன்டெய்னர் லாரி ஆம்னியை இடித்துச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டுப் போயிற்று. லாரிக்காரன் இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. பின்பக்கம் பிதுங்கி, இடதுபக்கக் கதவு மடங்கி, எழிலின் நாற்காலி இருந்த இடத்தில் தகடு முழ நீளத்துக்கு உள்ளே வந்திருந்தது. அதைப் பார்த்த சரசா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வண்டி சேக்காட்டில் தேவாவின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து பிரசன்னா என்று ஒரு சின்ன வயது சர்வேயர் வந்து சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தான். மரியாதையான பையன்தான்.

“சார், ரிப்பேர் செலவு வண்டி மதிப்பைத் தாண்டுது. டோட்டல் லாஸ்தான். கம்பெனியே வண்டிய எடுத்துக்கிட்டா உங்களுக்குத் தொண்ணூறாயிரம் வரும். இல்ல, வண்டி எனக்கே வேணும்னு சொன்னீங்கன்னா, உடைசல் விலை முப்பத்திரண்டைக் கழிச்சிட்டு மீதியத் தருவாங்க. ரிப்பேர் உங்க பொறுப்பு.”

எந்தப் பக்கம் போனாலும் வேண்டும் என்று எல்லாத் தாளிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டான். ஆர்.சி. புத்தகத்தையும் வாங்கிக்கொண்டான். வண்டி யாருக்கு என்கிற ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. “யோசிச்சு போன்ல சொல்லுங்க சார், நான் போட்டுக்கறேன்” என்றான்.

தேவா சொன்ன ரிப்பேர் கணக்கு ஒரு லட்சத்து முப்பது. கையிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேல் போடவேண்டும். பென்ஷன்காரருக்கு அது பெரிய தொகைதான், ஆனால் அவரைத் தடுத்தது அதுவல்ல. பணம் புரட்டிவிடலாம். சரசாதான் ஒரே பிடியாக நின்றாள்.

“அடிபட்ட வண்டியில என் பிள்ளைய ஏத்தமாட்டேங்க. அந்தத் தகடு வந்து நின்ன இடத்தைப் பார்த்தீங்கல்ல.”

“வேற வண்டிக்கு எங்க போறது? இந்த மாதிரிக் கதவு வெச்ச வண்டி இப்ப வர்றதே இல்ல. பழசு கேட்டா மூணு லட்சம்ங்கறான்.”

“ஆட்டோல போலாம்.”

போனார்கள். புதன்கிழமை ஒரு ஆட்டோவில் ஏற்றினார்கள். மடங்காத கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அம்பத்தூர் ரோட்டுத் திருப்பத்தில் ஒரு பைக்காரன் உரசிக்கொண்டு போனான். எழில் போட்ட கூச்சலில் ஆட்டோக்காரரே திருப்பிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார், காசு வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை கால்டாக்ஸி. டிரைவர் வாசலில் பிள்ளையைப் பார்த்தார், போனைத் தட்டினார், போயே போய்விட்டார். எத்தனை தினுசு கார் இந்த ஊரில் ஓடுகிறது, மடங்காத காலுக்கு ஒன்று கிடையாது. இதை யாரிடம் போய்க் கேட்பது.

மனோகரன் தினமும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். சும்மா பார்த்துவிட்டு வருகிற ஆளா அவர். வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தச் சொல்லி, அடிச்சட்டத்தில் நான்கு இடத்திலிருந்து நூல்குண்டு தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்தார். ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் இருபத்திரண்டு மில்லி வித்தியாசம் வந்தது. மறுநாளும் அளந்தார். அதே இருபத்திரண்டு.

“சட்டம் முறுக்கிக்கிச்சு தேவா” என்றார்.

“ஆவட்டும் சார், நான் இஸ்து சரி பண்ணி குட்த்துர்றேன். கொஞ்சம் அப்படி இப்படி கீதுன்னா இன்னா? இது இன்னா ஏரோப்ளேனா?”

“என் பொண்ணு உட்கார்ற வண்டி.”

“அத்தான் நானும் சொல்றேன் சார். அந்தப் பொண்ணு வூட்லயே குந்திகினு கீது. நீ இன்னாடான்னா நூல் வுட்டுனு கீற.”

தேவா சொன்னது சுருக்கென்றுதான் தைத்தது. ஆனால் முப்பத்தோரு வருஷப் புத்தி விடுமா. வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் யோசிக்காமல் சிவப்புக் கோடு போட்டிருப்பார். இதற்கும் போடத்தான் வேண்டும் என்று ஒரு மனசு. போட்டால் பிள்ளை ஆயுசுக்கும் ஜன்னலோரம்தான் என்று இன்னொரு மனசு. இரண்டுக்கும் நடுவே மூன்று வாரம் ஓடிவிட்டது.

பிரசன்னாவின் போன் வந்தபோது எழிலுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தார். இரண்டு ஸ்பூனுக்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டார்.

“சார், மாசக் கடைசி. ஃபைல முடிக்கணும். என்ன போடட்டும்?”

“இப்போதைக்குக் கண்டம்னு போட்டு வைங்க தம்பி.”

“கண்டமா சார்? அப்ப கம்பெனி எடுத்துக்கலாமா?”

“எடுத்து வைங்க. நான் அப்புறமா எழுதிக் கேட்டு வாங்கிக்கறேன்.”

“ஓகே சார், தேங்க்ஸ் சார்.”

இதில் அந்த மனுஷன் செய்த தப்பு என்ன என்று கேட்டால், ஃபேக்டரிக்காரர்களுக்கு மட்டும்தான் புரியும். அங்கே கண்டம் என்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை. சிவப்புக் கோடு போட்ட சாமான், சீட்டுக் கட்டி, ஷெட்டுக்குப் பின்னால் கிடக்கும். கமிட்டி கூடுகிற வரைக்கும் மூன்று மாசமோ ஆறு மாசமோ கிடக்கும். எந்த செக்‌ஷனுக்காவது வேண்டுமென்றால் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கண்டம் போட்டவரே மறுபடி அளந்து பாஸ் பண்ணியதும் உண்டு. வெளியுலகத்திலும் அப்படித்தான் ஒரு ஷெட் இருக்கும், அதற்குப் பின்னால் ஆம்னி பத்திரமாகக் கிடக்கும், யோசிக்க அவகாசம் கிடைத்தது என்று நம்பினார். மூன்று வாரமாக இல்லாத நிம்மதியோடு அன்றைக்குத் தூங்கினார், பாவி மனுஷன்.

பத்து நாள் போயிற்று. நடுவில் காய்ச்சலில் படுத்துவிட்டதால் ஒர்க்‌ஷாப் பக்கம் அவர் போகவில்லை. திங்கட்கிழமை காலை, சரசா எழிலைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தவள் அவரைக் கூப்பிட்டாள்.

“இங்க தொட்டுப் பாருங்க.”

பிள்ளையின் முழங்காலுக்குப் பின்னால் நரம்பு கயிறாக இறுகியிருந்தது. வீட்டிலேயே பயிற்சி கொடுக்கிறோம் என்று இருவரும் பண்ணாத கூத்தில்லை, வலியில் அவள் கத்த, இவர்கள் விட்டுவிட, அப்படியே ஆகியிருந்தது. எழில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டால் ‘பா’ என்பவள், ஒன்றும் சொல்லவில்லை.

“நான்தான் வேணாம் வேணாம்னு மல்லுக்கு நின்னேன்” என்றாள் சரசா. “அந்த வண்டியே வாங்கிடுங்க. எப்படி இருந்தாலும் பரவாயில்ல. இப்படியே கெடந்தா பிள்ள செத்துருங்க.”

மனோகரனுக்கு அழுகை வந்தது. இருபத்திரண்டு மில்லியாவது மண்ணாவது. சட்டையை மாட்டினார். பிள்ளையின் தலையைத் தடவி, “வண்டி வரப்போவுது கண்ணு. அப்பா போய் வண்டி கொண்டாரேன்” என்றார். சொல்லியிருக்கக் கூடாது. எழில் முகத்தைத் திருப்பினாள்.

ஒர்க்‌ஷாப்பில் ஆம்னி நின்ற இடத்தில் வேறொரு கார் நின்றது.

“இன்னா சார் இப்ப வந்து கேக்குற? போன வாரமே வந்து தூக்கினு பூட்டாங்க. உனுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்” என்றான் தேவா.

அங்கேயே நின்று பிரசன்னாவுக்குப் போன் போட்டார்.

“நீங்கதான சார் கண்டம்னு சொன்னீங்க. எடுத்துக்கலாமான்னு கேட்டேன், சரின்னீங்க.”

“எடுத்து வைங்கன்னேன் தம்பி. அப்புறம் எழுதித் தரேன்னேன். எங்க ஃபேக்டரில கண்டம்னா...” என்று ஆரம்பித்து, கமிட்டி, சீட்டு, ஷெட்டு என்று எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பையன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

“எனக்கு அது தெரியாது சார். ஏலத்துல அன்னைக்கே போயிடுச்சு. எடுத்த உடைசல் யார்டு நம்பர் தரேன், நேர்ல போய்ப் பாருங்க சார்.”

யார்டு, செம்பரம்பாக்கம் ஏரிக்கு அப்பால், குடோன்களுக்கு நடுவே இருந்தது. பூந்தமல்லி தாண்டி அந்த வெயிலில் பைக்கை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. ஏலத்தில் எடுத்த விலைக்கு மேல் பத்தாயிரம் கேட்டாலும் கொடுத்துவிடுவது என்று மட்டும் முடிவு செய்திருந்தார். யார்டுக்காரர் ஜெகதீசன் வண்டி நம்பரைக் கேட்டுவிட்டுப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

கூரை தனியே கிடந்தது. என்ஜின் இல்லை. கதவுகள் இல்லை. அடிச்சட்டத்தை கேஸ் கட்டரால் மூன்று துண்டாக அறுத்துக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள்.

“ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தாக்கூடக் குடுத்திருப்பேன் சார். இப்ப தகடு எடைக்குத்தான் ஆவும். டீ சாப்பிடறீங்களா?” என்றார் ஜெகதீசன்.

வேண்டாம் என்றார். கிளம்ப வேண்டியவர், கிளம்பாமல், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின்பக்கத்து நீளச் சட்டத்தின்மேல் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். நேராக இருந்தது. கையால் நீவிப் பார்த்தார். துளி முறுக்கு இல்லை. ஒரு மூலையில் நூல்குண்டு கட்டியிருந்த கொக்கியைப் பார்த்தார். சட்டத்தோடு போல்ட் போட்டிருந்த ஒரு சின்னத் தகடு அது, இடி வாங்கி அது மட்டும்தான் வளைந்திருந்தது. வளைந்த தகட்டில் நூலைக் கட்டி, நேராக இருந்த சட்டத்தைக் கோணல் என்று சொல்லியிருக்கிறார். முதல் நாள் வேலைக்கு வந்த அப்ரன்டிஸ்கூட அளக்கிற இடத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் அளப்பான். ஜெகதீசன் பார்க்கிறார் என்றும் பாராமல் மனோகரன் நெற்றியில் அடித்துக்கொண்டார். இந்த ஒன்றை அவர் சரசாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று இருக்கும். கேட்டைத் திறந்தால், வாசலிலேயே சக்கர நாற்காலியில் எழில். தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னி, பச்சைச் சுடிதார் போட்டு, காலில் ஷூவும் மாட்டியிருந்தது.

“நீங்க வண்டின்னு சொல்லிட்டுப் போனதுல இருந்து விடலைங்க. எத்தனை நாள் கழிச்சு வாயைத் தொறந்திருக்கா. ஒரு கிண்ணம் சோறு முழுசா சாப்பிட்டா. சரி, வந்ததும் ஏத்தி ஒரு சுத்து...” என்று சொல்லிக்கொண்டே வந்த சரசா, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

எழில் அவரைப் பார்க்கவேயில்லை. அவரைத் தாண்டித் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து ஒரு பக்கம் இழுக்க, முகமெல்லாம் சிரிப்பு.

“வண்டி” என்றாள்.

“வரலடா கண்ணு” என்றார் மனோகரன். “அப்பா தப்புப் பண்ணிட்டேன்.”

“வண்டி” என்றாள் மறுபடியும், அவர்தான் பார்க்காமல் நிற்கிறார் என்பது போலத் தலையால் தெருவைக் காட்டி.

அவர் தரையில் உட்கார்ந்து அவள் ஷூவின் கயிற்றை அவிழ்க்கப் போனார். சரசா பின்னாலிருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப வேணாங்க. விடுங்க. கொஞ்ச நேரம் போட்டுக்கிட்டு இருக்கட்டும்.”