சாட்சி நேரத்தில் திறந்த கிணறு

காஜா பேராங் சபையில் சாலமோன் மூப்பர் "ஸ்தோத்திரம்!" என்று முழங்கினால் தெங்கேராக் கடற்கரையில் நிற்கும் கொக்கெல்லாம் பறந்துபோகும். சபையில் யார் சாட்சி சொன்னாலும், மூச்சு வாங்க நிறுத்துகிற இடமெல்லாம் அவர் குரல் விழும். காது கேட்டுச் சொல்வதல்ல, வாய்க்குப் பழகிப்போனது.

அந்த மூப்பர்தான் தம் வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த கிணற்றுக்கு, யானையையே கட்டிப்போடக்கூடிய பூட்டு ஒன்றைப் போட்டார். அவர் வீடுகளில் குடியிருப்பவர்களுக்குக் காலையில் திறந்துவிடுவார். பின்பக்கம் நகராட்சிக் குவாட்டர்ஸில் இருந்த பொன்னம்மாவுக்கு மட்டும் இல்லை. அவள் புருஷன் சாக்கடை அள்ளுபவன்.

"அவ வாளி பட்ட தண்ணிய மனுசன் குடிப்பானா?" என்றார் மூப்பர்.

மழையைக் காணாத அந்த ஜூலையில் பொன்னம்மா கைப்பிள்ளையோடு புக்கிட் பாரு வரை தண்ணீருக்கு நடந்தாள். மூப்பர் வீட்டில் குடியிருந்த ரெபேக்காளுக்கு அதைப் பார்த்து வயிறு எரிந்த எரிச்சலில் ஊருக்கே சோறு பொங்கியிருக்கலாம்.

"வாயத் தொறக்காத, புள்ள. வீட்ட விட்டுத் தொரத்திருவாரு," என்று கும்பிட்டான் அவள் புருஷன் யோபு. "பிள்ளைங்கள வச்சிக்கிட்டு எங்க போறது?"

"கர்த்தர் காட்டுற எடத்துக்கு. ஊரு ஒதுக்குன சமாரியாக்காரிகிட்ட கெணத்தடியில தண்ணி கேட்டவருங்க அவரு. இந்த மூப்பரு அவருக்கும் மேலயா?"

ஞாயிறு காலை பெட்டியைக் கட்டி வைத்துவிட்டே கோயிலுக்குப் போனாள்.

சாட்சி சொல்ல எழுந்தவரை இடையில் உட்கார வைக்கும் வழக்கம் அந்தச் சபையில் இல்லை. போதகருக்கே அந்த அதிகாரம் கிடையாது. ரெபேக்காள் எழுந்தாள்.

"நம்ம மூப்பரு கெணத்தப் பூட்டி வச்சிருக்காரு..."

கண்ணை மூடியிருந்த மூப்பர் முழங்கினார். "ஸ்தோத்திரம்!"

"தாகத்துக்கு வந்தவள சாதி சொல்லி வெரட்டுனாரு..."

"ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!"

"அடுத்த மாசம் நாட்டுக்கே மெர்டேக்கா, சொதந்திரம்! பொன்னம்மாவுக்கு ஒரு வாளித் தண்ணி கெடையாது! இது பாவம். பாத்துக்கிட்டு வாய மூடியிருந்தோமே, நாமளும் பாவிங்கதான்!"

"அல்லேலூ..." பாதியில் மூப்பரின் கண் திறந்தது.

சபை சிரித்த சிரிப்பில் கூரை ஓடுகள் உஜோங் பாசிரில் போய் விழுந்தன என்பார்கள். ரெபேக்காள் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்தது காணிக்கை. தட்டை ஏந்தி வருபவரும் மூப்பர்தான். அவளிடம் வந்ததும் பல்லைக் கடித்தார். "நாளைக்கே வீட்டக் காலி பண்ணு."

"பொட்டி கட்டியாச்சு, மூப்பரே. கெணத்துச் சாவியத் தட்டுல போடுங்க."

சொல்லிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளும் அப்படியே செய்தாள். வரிசை வரிசையாகக் கைகள் மடியிலேயே கிடந்தன. யோபுகூடச் சட்டைப்பைக்குள் விட்ட கையை வெறுமனே வெளியே எடுத்தான். காலித் தட்டோடு மூப்பர் முன்னால் போய் நின்றார். போதகர் ஜெபிக்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்து, சாவி 'டங்'கென்று விழுந்தது.

மூப்பர் மனந்திரும்பிவிட்டார் என்று எண்ண வேண்டாம். மறுநாளே ரெபேக்காளைத் தெருவில் இறக்கினார். பெட்டியும் பிள்ளைகளுமாக அவர்கள் பின்பக்கம் திரும்புகையில் குவாட்டர்ஸ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பொன்னம்மா நின்றாள்.

"உள்ள வாங்கக்கா. எடம் கொஞ்சந்தான். தண்ணி நெறய இருக்கு."

செம்பை முதலில் வாங்கிக் குடித்தவன் யோபு.