மறிக்கப்பட்ட அழைப்புகள்

அச்சுவேலியில் ஜெயசுதன் நடத்திய சிறிய இணைய நிறுவனத்தில்தான் சுபாஜினி தன் ஆய்வைச் செய்துகொண்டிருந்தாள். வலையமைப்பைத் தாக்க வரும் போலி இணைப்புகளைத் தானாகவே இனங்கண்டு மறிக்கும் மென்பொருள் அது. பிற நாடுகளில் நடந்த தாக்குதல்களின் தரவைக் கொண்டு அதைப் பழக்கியிருந்தாள். போன கிழமை உண்மையான தாக்குதல் ஒன்றை அது தடுத்ததும், ஆய்வுக் கட்டுரையை உடனே ஆய்விதழுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார் அவளுடைய பேராசிரியர்.

கார்த்திகை மழை விடாமல் கொட்டிய ஒரு பிற்பகலில் அவளுடைய திரை சிவந்தது. வெளிநாடுகளிலிருந்து கணக்கில்லாத இணைப்புகள் ஒரேயடியாக வந்துகொண்டிருந்தன. மென்பொருள் எல்லாவற்றையும் அறுத்தது.

"இணைப்பில்லையெண்டு சனம் போன் எடுத்து ஏசுது. உந்த மறிப்பை நிப்பாட்டும், தங்கச்சி," என்றார் ஜெயசுதன்.

"உண்மையாவே தாக்குதலெண்டால், அண்ணை? நிப்பாட்டினால் எல்லாருக்கும் இணைப்புப் போயிடும்."

திரையைப் பார்த்து எதுவும் தீர்மானிக்க முடியவில்லை. கடைசியில், இணைப்பு அறுக்கப்பட்ட வாடிக்கையாளர் ஒருவரின் எண்ணை வாங்கிக் கைத்தொலைபேசியில் அழைத்தாள். வட்டுக்கோட்டை பியாட்றிஸ் ரீச்சர் எடுத்தார்.

"ரீச்சர், இப்ப ஆராவது உங்களோடை இன்ரநெற்றிலை கதைச்சவையோ?"

"ஓம் பிள்ளை, லண்டனிலையிருந்து மகள். பாதியிலை அறுந்துபோச்சு. வீட்டுக்கை வெள்ளம் ஏறுது. இவர் எழும்ப மாட்டார், படுக்கைதான். ஆரையாவது பிடிச்சு அனுப்புறன் எண்டவள்."

சுபாஜினி மறிப்பை நிறுத்தினாள். திரையில் கோடு செங்குத்தாக ஏறியது. தவறு செய்துவிட்டேனோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலையமைப்பு திணறியதே தவிர விழவில்லை. வெள்ளச் செய்தி பார்த்துப் பதறி, வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் ஒரே நேரத்தில் வீட்டுக்கு எடுத்த அழைப்புகள்தான் அவ்வளவும்.

ஜெயசுதன் சங்கானையில் நின்ற தன் ஆட்களை உழவு இயந்திரத்தில் ரீச்சர் வீட்டுக்கு அனுப்பினார். கதவைத் திறந்தபோது தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டிருந்ததாம். ரீச்சரின் கணவர் நேசராஜாவை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.

"ஒருநாள் பிழைதானே, அந்த நாளை விட்டிட்டுக் கட்டுரையை அனுப்புங்கோ," என்றார் பேராசிரியர் மறுநாள்.

"ஏலாது, சேர்."

கட்டுரை அந்த முறை போகவில்லை. அன்று இணைப்பு அறுபட்ட மற்ற வீடுகளில் என்ன நடந்ததென்று கேட்க, சுபாஜினி ஒவ்வொன்றாக அழைக்கத் தொடங்கினாள். மறுமுனையில் யாராவது எடுக்கும்வரை எந்த எண்ணையும் அவள் பட்டியலிலிருந்து வெட்டவில்லை.