பீரோவில் நைந்த சட்டை

பஸ் டிரைவர் ஒருநாளும் போடாத சட்டை, பீரோவுக்குள் மடித்து வைத்த இடத்திலேயே முழங்கை நைந்து போயிருந்தது. கல்யாணமான புதிதில் அவர் மனைவி தைத்த நீலச் சட்டை அது. தெருவுக்கே தையல்காரம்மாவான அவள், காஜாவைக்கூட மெஷினில் விடாமல் கையாலேயே போட்டிருந்தாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு வர, இரண்டு பேரும் ஒருநாள் கடற்கரையில் ஆற அமர உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. "நல்ல நாளாப் பார்த்துப் போவோம்" என்றார் டிரைவர். அவர் ஓட்டுவதோ கடற்கரை பஸ். ஊரையே கொண்டுபோய் இறக்கிவிட்டு, சீட்டை விட்டு இறங்காமல் அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். பிள்ளை பிறந்தது, படித்தது, வேலைக்கும் போய்விட்டது. நல்ல நாள் மட்டும் வந்தபாடில்லை. "அலை எப்போ ஓயறது, தலை எப்போ முழுகறது" என்று நாத்தனார் சொல்லிச் சிரித்தாள்.

முதலில் காலர் வெளுத்தது. அப்புறம் ஒரு பொத்தானைக் காணோம். பூச்சி அரித்தால் ஓட்டை விழும். இது போட்டு உழைத்த தேய்மானம், தையல்காரம்மாவுக்கா தெரியாது? அதுவும் இடது முழங்கை. டிரைவரின் காக்கிச் சட்டையெல்லாம் ஜன்னல் பக்கமாக வலது முழங்கையில்தான் தேயும். எவனோ எடுத்துப் போட்டுக்கொண்டு திரிகிறான் என்று முடிவு கட்டி, பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுவாரம் சட்டைப் பையில் ஈர மணல் இருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது.

"பாருங்க, நம்மளை நம்பிப் பிரயோஜனம் இல்லைன்னு அதுவே போயிட்டு வருது."

டிரைவர் மணலை முகர்ந்து பார்த்தார். கடல் மணல்தான். "அடுத்த மாசம் லீவு போடறேன்" என்றார்.

சட்டைக்கு அடுத்த மாசம் இருக்கிற மாதிரித் தெரியவில்லை. முதுகு வெங்காயத் தோலாகிவிட்டது. அது கந்தலாவதற்குள் போகாவிட்டால் இனி எப்போதுமே போகப்போவதில்லை என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு விசேஷமும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், காக்கியை நீட்டுகிற கையால் நீலத்தை நீட்டினாள். முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தாள்.

"அன்னிக்கு மிச்சம் பிடிச்ச துண்டுங்க இது. இதுக்கு மேல ஒட்டுப் போடத் துணி இல்லை."

ஒட்டு பளிச்சென்று இருந்தது. முழுச் சட்டையும் ஒருகாலத்தில் அந்த நிறம்தான் என்பது டிரைவருக்கு அப்போதுதான் உறைத்தது. வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அவளையும் கூட்டிக்கொண்டு தன் பஸ்ஸிலேயே பயணியாகப் போனார். கடைசி ஸ்டாப்பில் பழக்க தோஷத்தில் உட்கார்ந்தே இருந்தவரைச் சட்டை தூக்கி எழுப்பியது. நேராக டீக்கடைப் பக்கத்துக் கட்டைச் சுவருக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, இடது முழங்கையை ஊன்றிக்கொண்டது. டீக்கடைக்காரர் டிரைவரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. சட்டையைப் பார்த்து, "வாங்க, இன்னிக்கு ஆளோட வந்திருக்கீங்களா?" என்று கேட்டபடி இரண்டு டீயை வைத்தார். பிறகு தையல்காரம்மாவிடம் சொன்னார்:

"எப்பவும் ரெண்டு டீதாம்மா. ஒண்ணைத் தொடவே மாட்டாரு, அது வீட்டம்மாவுக்காம். ஆறிப்போனதும் எழுந்து போயிடுவாரு."

அவள் அழுதுகொண்டே அந்த டீயைச் சூடு ஆறுவதற்குள் குடித்தாள். அதற்குப் பிறகு சட்டை தனியாக எங்கேயும் போனதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மூன்று பேருமாகத்தான் போகிறார்கள்.