பனியாற்றில் கடைசிக் காட்சி

ஊமைப்படம்தானே, உதடு எதைச் சொன்னால் என்ன? அந்தத் தைரியத்தில் எங்கள் நாயகி ராக்னா, கண்ணீர் வழியக் காதலனைக் கட்டிக்கொண்டு, "உன் மீசை நாறுது, தள்ளிப் போய்த் தொலை" என்பாள். கேமராவின் கைப்பிடியைச் சுற்றும் என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "ஏய் கருவாடு"தான். நான் சிரிப்பை அடக்கிக்கொள்வேன். சிரித்தால் கை தடுமாறும், படம் துள்ளும்.

நாங்கள் படமாக்கிய நாவலில் கதாநாயகி, உறைந்த ஆற்றின் பனி உடைந்து மூழ்கிச் சாகிறாள். இயக்குநர் பெரிலுண்ட் அதில் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தார். ஏப்ரல் மாத நிஜப் பனிதான் வேண்டுமாம். ராக்னா கையை நீட்டி அழுதால் போதும், மூழ்குவதற்குப் பொம்மை இருந்தது.

"யால்மர், கைய நிறுத்தினே, உன்னையும் ஆத்துல தள்ளிடுவேன். இந்த வருஷத்துக்கு இதான் கடைசிப் பனி" என்றார் பெரிலுண்ட்.

சுற்றினேன். ராக்னா பனி நடுவில் கைகளை நீட்டினாள்.

"கால் மாட்டிக்கிச்சு! பனி விரிசல் விடுது! யாராவது வாங்க!"

கரையில் எல்லோரும் சிரித்தார்கள். நேற்று ஒத்திகையில் இதே இடத்தில், "ஐயோ, பெரிலுண்ட் தொப்பி என்னைக் கடிக்குது" என்று அலறியவள்தானே! புலி வருது கதைதான்.

"பிரமாதம்! இன்னும் அழு!" என்று பெரிலுண்ட் கத்தினார்.

"யால்மர்" என்றாள் அவள். "யால்மர், நான் விளையாடல."

கை நின்றுவிட்டது.

"சுத்துடா!"

"அவங்க என் பேரைச் சொல்றாங்க, ஐயா!"

"சொல்லட்டுமே, யாருக்குக் கேக்கப்போவுது?"

எனக்குக் கேட்டது. கேமராவைக் கழற்ற நேரமில்லை. முக்காலியோடு சாய்த்து, பனியில் குப்புறப் படுத்து, அதன் கால்களை அவள் பக்கம் தள்ளிக்கொண்டே ஊர்ந்தேன். எனக்குக் கீழே பனி முனகியது. ராக்னா இடுப்புவரை தண்ணீருக்குள் போயிருந்தாள். முக்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டாள். இழுத்தேன், வரவில்லை. மறுபடி இழுத்தேன். காலணியை ஆற்றிடம் விட்டுவிட்டு வந்தாள். அவள் கையைப் பற்றிக்கொண்டு கரைக்குத் தவழ்ந்தபோது, பின்னால் பனி பிளந்து கேமராவை விழுங்கியது.

"என் படம்! என் முடிவு!" என்று பெரிலுண்ட் தலையில் அடித்துக்கொண்டார்.

ராக்னாவுக்குக் குளிரில் பற்கள் தந்தியடித்தன. "கருவாடு... வர இவ்வளவு நேரமா?" என்றாள். நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் காலையில் ஆற்றில் பனியே இல்லை. வேறு வழியில்லாமல், இரவல் கேமரா ஒன்றை வைத்து, கதாநாயகி கரையேறிப் பிழைப்பதாகப் படத்தை முடித்தோம். நாவலைக் கொன்றுவிட்டார்கள் என்று பத்திரிகைகள் கரித்துக்கொட்டின. ஆமாம், நாவலைத்தான் கொன்றோம்.