அரைப் பவுனின் மதிப்பெண்

சேனாபதியின் நாணயத்துக்கு அறுபத்து நான்கு போட்டிருந்தார்கள். அது அறுபத்தைந்து என்பது அவருடைய எண்ணம்.

1911ஆம் ஆண்டு டென்வரில் அடிக்கப்பட்ட இரண்டரை டாலர் தங்க நாணயம். எடை ஏறக்குறைய அரைப் பவுன். மற்ற நாணயங்களில் உருவம் மேலெழும்பி நிற்கும். இதில் செவ்விந்தியரின் முகம் உள்ளே குழிந்திருக்கும். ஆகவே காலத்தின் உரசல்கள் முகத்தில் படாமல், முகத்தைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பில் படிந்துவிடும். தரம் பார்க்கும் நிறுவனத்தில் மூன்று பேர், ஆளுக்குச் சில வினாடிகள், அந்தப் பரப்பைப் பார்த்து எழுபதுக்கு இத்தனை என்று ஓர் எண் சொல்வார்கள். பிறகு நாணயத்தை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, எண்ணை மேலே அச்சிட்டுவிடுவார்கள். அதற்குப் பின் சந்தையில் பெரும்பாலும் யாரும் நாணயத்தைப் பார்ப்பதில்லை. இந்த நாணயத்தில் அறுபத்து நான்குக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவே விலை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது.

சேனாபதி பார்ப்பவர். எண்ணெய் நிறுவன வேலை முடிந்து, ஹூஸ்டனை அடுத்த சுகர் லேண்ட் வீட்டுக்கு வந்ததும் மாடியறையில் விளக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு லென்ஸ் வழியே பார்த்தபடி இருப்பார். கூப்பிட்டால் பதில் வர நேரமாகும். அந்தப் பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் அவருக்குத் தெரியும். அதில் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கும்படியாக எதையும் அவர் கண்டதில்லை.

“அரைப் பவுனுக்கு ஒரு கார் வெலை குடுத்தீங்க. இப்ப மார்க் பத்தலைங்கறீங்க,” என்றாள் வான்மதி, அவர் மனைவி. “நாமக்கல் ஹாஸ்டல்ல படிச்சவங்களுக்கு இந்த வியாதி போகவே போகாதுங்க.”

“பத்தலைன்னு சொல்லல. தப்பாப் போட்டிருக்கான்.”

“ஃபெயிலானவங்க எல்லாம் அதத்தான சொல்லுவாங்க.”

மகள் வெண்பா ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல், “சோ, அப்பா இஸ் மேக்கிங் எ காயின் ரீடேக் தி எஸ்ஏடி,” என்று அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வை வம்புக்கிழுத்தாள்.

மறுபடி அனுப்ப வான்மதி தடை சொல்லவில்லை. அறுபத்தைந்து வந்தால் விற்றுவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவர் உடனே ஒப்புக்கொண்டது அவளுக்கு வியப்பாக இருந்தது. விற்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. தன் கண்ணுக்குத் தெரிவது இன்னொருவர் கண்ணுக்கும் ஒருமுறை தெரிய வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பெட்டியோடு அனுப்பினால் எண் குறையாது. ஆனால் பழைய எண்ணைப் படித்துவிட்டவர் அதைத் தாண்டிப் பார்க்கமாட்டார் என்று சேனாபதி நினைத்தார். பெட்டியை உடைத்து வெறும் நாணயமாக அனுப்ப வேண்டும். அப்போது எதுவும் வரலாம். அறுபத்து மூன்று வரலாம். துடைத்த தடம் தெரிந்தால் எண்ணே தராமல் திருப்பி அனுப்புவார்கள். துடைத்த நாணயத்துக்கு இந்தச் சந்தையில் மரியாதை கிடையாது.

உடைப்பதற்கு நாகரத்தினம் வந்தார். தாராபுரத்துக்காரர், ஹூஸ்டனில் மயக்க மருந்து டாக்டர். அவரும் நாணயம் சேர்ப்பவர், இதுபோல் சில பெட்டிகளை உடைத்தவர். சனிக்கிழமை காலை கராஜில் மேசைமேல் துண்டை விரித்து, பெட்டியின் மூலையில் கட்டிங் பிளேயரை வைத்தார்.

“ஏப்பா, பேஷண்ட்டுக்குத்தான் நான் மயக்கம் குடுக்கோணும். ஒனக்குத் தானா வந்துரும் போல இருக்குதே.”

“நீங்க பண்ணுங்கண்ணா. நான் பாத்துக்கறேன்.”

“பாத்துப் பாத்துத்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கற.”

பிளாஸ்டிக் சடக்கென்று விட்டது. இன்னொரு மூலை. பிறகு இரண்டு பாதிகளும் பிரிந்தன. சேனாபதி நாணயத்தை விளிம்பில் பிடித்து எடுத்தார். அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று வான்மதிக்கும் வெண்பாவுக்கும் பலமுறை சொல்லியிருக்கிறார். வாங்கிய நாளிலிருந்து அதைப் பிளாஸ்டிக்குக்கு அப்பால்தான் பார்த்திருந்தார். இப்போது அது எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது. விளிம்பைப் பிடித்த விரல்களில் குளிர்ச்சியாக இருந்தது.

முகத்துக்கு முன்னால் உள்ள பரப்பில் உடைந்த பிளாஸ்டிக்கின் துகள் ஒன்று ஒட்டியிருந்தது.

அவர் கட்டைவிரலால் அதைத் துடைத்தார்.

ஃபோன் திரையைத் துடைப்பதுபோல, ஒரே இழுப்பு. துகள் போய்விட்டது. விரல் நின்ற இடத்திலேயே நின்றது. தூரத்தில் ஃப்ரீவே இரைந்துகொண்டிருந்தது.

“நான் ஒண்ணும் பாக்கல,” என்றார் நாகரத்தினம். பிளேயரைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

சேனாபதி விளக்கடியில் பார்த்தார். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சாய்த்தால் மயிரிழைபோல் சில கோடுகள் ஒரே திசையில் ஓடின. உடைந்த துகளை விரலால் அழுத்தி இழுத்தால் தங்கப் பரப்பில் கோடு விழும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அனுப்பாமலும் இருக்க முடியாது. பெட்டியில்லாத நாணயத்தை யாரும் நம்பி வாங்கமாட்டார்கள். திங்கட்கிழமை அனுப்பினார்.

காத்திருந்த வாரங்களில் அவர் மாடியறைக்குப் போகவில்லை. வான்மதி அதைக் கவனித்தாள், கேட்கவில்லை. எண் இல்லாமல் திரும்பி வரும் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். அந்த முடிவில் ஒருவித நிம்மதிகூட இருந்தது. குறையைத் தான் மட்டுமல்ல, அவர்களும் பார்த்திருப்பார்கள்.

அறுபத்தைந்து வந்தது.

வான்மதி அன்று சேமியா பாயசம் வைத்தாள். நாகரத்தினம் ஃபோனில், “கங்கிராட்ஸ்ப்பா,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். சேனாபதி புதுப் பெட்டியை விளக்கடியில் சாய்த்தார். கோடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

சேகரிப்பவர்களின் வாட்ஸாப் குழுவில், பழைய பெட்டியை உடைத்து அனுப்பியதையும் சொல்லி விலை போட்டதும், கலிஃபோர்னியாவின் பிளசன்டனிலிருந்து சுந்தரராமன் என்பவர் அழைத்தார். குழுவில் பழக்கம்தான், நேரில் பார்த்ததில்லை.

“போட்டோ பாத்தேன் சார், சூப்பரா இருக்கு. ப்ரைஸ் எனக்கு ஓகே. இது மூணு வருஷமா நான் தேடிண்டிருந்த பீஸ். வெளில எடுத்துக் கையில வச்சுப் பாத்தவர் நீங்க. நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா?”

சேனாபதி பெட்டியை எடுத்து விளக்கடியில் சாய்த்தார்.

“ஹலோ? லைன்ல இருக்கேளா?”

“இருக்கேனுங்க. மொகத்துக்கு முன்னாடி ஒரு தேய்ப்பு இருக்குங்க. லைட்டைச் சாய்ச்சாத் தெரியும். டஸ்ட்னு நெனச்சுக் கட்டைவிரல்ல தொடச்சிட்டேன்.”

சுந்தரராமன் விலகிவிடுவார் என்று சேனாபதி நினைத்தார். விலகினால் நல்லது என்றும் நினைத்தார்.

“அதுக்கப்புறம்தானே கிரேடிங் அனுப்பினேள்?”

“ஆமாங்க.”

“அறுபத்தஞ்சு போட்டிருக்கானே?”

“போட்டிருக்கான்.”

“அப்போ அது இல்ல சார்.”

“இருக்குங்க. இப்பவும் பாத்துட்டுத்தான் பேசறேன்.”

“நீங்க ரொம்ப பாக்கறேள் சார்.” சுந்தரராமன் சிரித்தார். “மூணு பேர் பாத்துட்டு இல்லைன்னுட்டான். நாம யாரு? நாளைக்குப் பணத்தை வயர் பண்ணிடறேன். இன்ஷூர் பண்ணி அனுப்பிடுங்கோ.”

அவர் ஃபோனை வைத்தபோது வான்மதி கதவருகே வந்து நின்றாள்.

“வாங்கிக்கறாருங்களா?”

“ம்.”

“அப்ப மொதல்ல இருந்தே நீங்க சொன்னதுதான் சரியாப் போச்சுங்க,” என்றாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. “எனக்குத்தான் நம்பிக்கை இல்லாமப் போச்சு.”

அவர் அவளைப் பார்த்தார். தான் துடைத்ததைப் பற்றி அவளிடம் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொன்னாலும் அவள் பெட்டியின் மேலிருக்கும் எண்ணைத்தான் காட்டுவாள். லென்ஸை மடித்து வைத்துவிட்டு, பார்சலுக்கு அட்டைப்பெட்டி தேடக் கராஜுக்கு இறங்கிப் போனார்.