பெரியவர் மேலே, மாப்பிள்ளை கீழே

"இழுக்காத. சும்மா பிடிச்சுக்க," என்றான் மூக்கன். தலை லாரியின் பானட்டுக்குள் இருந்தது. அவன் மனைவி செவந்தி மூன்று வயர்களின் நுனியைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள்.

உலகச் சண்டை முடிந்து ஏலத்துக்கு வந்த பட்டாளத்து வண்டியிலிருந்து கழற்றிய, பேட்டரி கரண்டை நேரே விளக்குக்கு விடும் ரிலேயை அவன் பொருத்திக்கொண்டிருந்தான். அதுவரை முன்விளக்குக்கான கரண்ட் முழுவதும் சுவிட்சு வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. சுவிட்சு சுட்டது, விளக்கு மங்கியது.

வயர்களை மூக்கன் முறை வைத்துக் கூப்பிடுவான். பேட்டரியிலிருந்து வரும் தடித்தது பெரியவர். விளக்குக்குப் போவது மாப்பிள்ளை. சுவிட்சிலிருந்து வரும் மெல்லியது சின்னவன்.

"பெரியவர் மேல உக்காரட்டும். மாப்பிள்ளை கீழ. சின்னவன் ஓரமா நின்னு தாக்கல் சொன்னாப் போதும். பெரியவர் நேரா மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருவாரு."

"ஒங்க வீட்டுல எந்தப் பெரியவரு சின்னவன் பேச்சக் கேட்டாரு?"

அவன் சிரித்தான். வயர்களை மாட்டாமலே கையைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டான். அவள் செம்போடு வந்தபோது சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

பொழுது சாய்வதற்குள் வாசல் நிறைந்துவிட்டது. சித்திரை மாதம்; மறுநாள் வெயில் ஏறும்வரை உடலை வைத்திருக்க முடியாது. மூக்கனைப் பெற்ற முத்துமாரியம்மாள் ஆவுடையார்கோவிலில் மகள் வீட்டில் இருந்தாள். காலை பஸ்ஸில் வந்தால் உச்சியாகிவிடும்.

"ஆத்தா மொகம் பாக்காம எடுத்தா அவன் கட்ட வேகாது," என்றார் மூக்கனின் சித்தப்பா பெரியகருப்பன். "சேவுகா, நீ லாரிய எடு."

மூக்கனின் தம்பி சேவுகன் லாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். "வெளக்கு வயரெல்லாம் அவுந்து கெடக்கு சித்தப்பா. எது எங்கன்னு அண்ணனுக்குத்தான் தெரியும். கம்மாக்கரையில இருட்டுல எப்படி ஓட்ட?"

"பெட்ரோமாக்ஸக் கட்டித் தொங்கவிட்டுக்க."

"மாப்ள ஊர்வலமா போகப்போறேன்?"

பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் செவந்தியைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் தோளுக்கு மேலாக செவந்தி சொன்னாள்: "பெரியவர் மேல. மாப்பிள்ளை கீழ. சின்னவன் ஓரமா."

அழுகை நின்றது.

"யாரடி சொல்ற?" என்றாள் பிச்சையம்மாள். "புத்தி பெரண்டுருச்சா?"

"வயரு, தம்பி," என்றாள் செவந்தி, சேவுகனைப் பார்த்து. "தடிச்சது பெரியவரு, பேட்டரியில இருந்து வர்றது. ரொம்ப மெல்லிசு சின்னவன். மிச்சம் இருக்கிறது வெளக்குக்கு."

அவன் ஓடினான்.

"புருசன் கெடக்கான். இவ கம்பிக்கு மொற சொல்றா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். செவந்திக்குக் கேட்டது. அடுத்து வந்தவளுக்குக் கட்டிக்கொள்ளக் கழுத்தைக் கொடுத்தாள். கண்ணில் ஒன்றும் வரவில்லை.

சற்றைக்கெல்லாம் எதிர்வீட்டுச் சுவர் சட்டென்று வெள்ளையானது. பிறகு இருண்டது. லாரி போய்விட்டது.

அது திரும்பி வந்தபோது கூட்டத்தில் பாதிப்பேர் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தார்கள். வெளிச்சம் வாசலைத் தாண்டி மூக்கனின் முகம்வரை வந்து விழுந்தது. முத்துமாரியம்மாள் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காதோரம் மசியா இருக்கே," என்று முந்தானையை எச்சிலில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

செவந்தி வெளிச்சத்தைப் பார்த்தாள். இஞ்சின் நின்றிருந்தது.

"தம்பி, லைட்ட அமத்திருங்க. பேட்டரி எறங்கிரும்."

சேவுகன் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவனுக்குக் கேட்கவில்லை. இரண்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன.